ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் ஒரு பிள்ளையின் கேள்வியும்

சனிக்கிழமை பின்னேரம். தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு உயிரெழுத்து எழுதக் காட்டிவிட்டு வந்து கேத்தலைப் போட்டேன். மூன்று வீடு தள்ளியிருக்கும் தங்கச்சி கதவைத் தட்டினாள். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் தெரு முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிய பழைய வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். சனிக்கிழமை என்றால் அவள் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. அன்றைக்கு ஒரு வாசமும் வரவில்லை.

“அக்கா, மூத்தவள் ஒரு கிழமையா இறைச்சியைத் தொடுறாளில்லை,” என்றாள், கதிரையில் இருந்ததும். “பள்ளிக்கூடத்தில ஏதோ படிப்பிச்சிருக்கினம். ‘அம்மா, நீங்கள் சமைக்கிற ஆட்டிறைச்சியால பூமி சூடாகுது’ எண்டு சொல்லித் தட்டைத் தள்ளி வைக்கிறாள். தகப்பனுக்குக் கோவம் வந்திட்டுது. ‘சங்கக்கடை வாசல்ல சாமானுக்கு வரிசையில நிண்டு வளந்தனாங்கள், எங்களுக்கு இவ சாப்பாடு படிப்பிக்கிறாவோ’ எண்டு கத்திப்போட்டார். பிள்ளை அழுதுகொண்டு படுத்திட்டாள். எட்டு வயசு. நான் ஆருக்கு என்ன சொல்ல?”

இது அவள் ஒருத்தியின் கேள்வியில்லை. இங்கே வளரும் பிள்ளைகள் உணவைப் பற்றிப் பள்ளியில் ஒன்று கேட்கிறார்கள், வீட்டுத் தட்டில் வேறொன்று காண்கிறார்கள். இடையில் நிற்கும் தாய் தகப்பனுக்கு இதை ஆறுதலாக இருந்து சொல்லித்தர ஆளில்லை. அன்று இரண்டு கோப்பைத் தேத்தண்ணி முடியும்வரை அவளோடு கதைத்ததை, அதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தக் கோப்பையையே எடுத்துக்கொண்டோம். தேயிலை இலங்கை மலைநாட்டிலிருந்து கப்பலேறி வந்தது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். “அப்ப இதாலதானே கூடப் புகை?” என்றாள். இல்லை. ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் அளவு தேயிலை போதும். கப்பல் ஒரே பயணத்தில் ஆயிரக்கணக்கான தொன் சுமக்கிறது. ஆகவே ஒரு கோப்பையின் தலையில் விழும் பங்கு மிகச் சிறிது. பால் தேத்தண்ணியில் கணக்கு ஏறுவது வேறு இரண்டு இடத்தில். இரண்டு பேருக்கு ஊற்ற, ஆறு பேருக்கான தண்ணீரைக் கேத்தலில் நிரப்பிக் கொதிக்க வைக்கிறோமே, அது ஒன்று. பால் மற்றது. பால் பசுவிடமிருந்து வருகிறது. பசுவின் கதை பின்னால் வரும்.

பிள்ளைக்கு முதலில் இதைக் காட்டு என்றேன். எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று மட்டும் கேட்டால் விடை பிழைத்துவிடும். மூன்று கேள்வி வேண்டும்: என்ன பொருள்? எப்படி வந்தது? எவ்வளவைக் கொட்டினோம்? எட்டு வயதுப் பிள்ளை இதை விரல் மடக்கி எண்ணும்.

என்ன பொருள் என்பதுதான் மூன்றிலும் பெரியது. அங்கே பிள்ளை சொன்னது பொய்யில்லை. 2018இல் ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் பூர், சுவிட்சர்லாந்தின் தாமஸ் நெமசெக் என்ற இருவர், 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் கணக்கைத் திரட்டி ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். மனிதரால் வெளியாகி பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் கால்வாசிக்குச் சற்று அதிகம், உணவை விளைவித்து நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பதால் வருகிறது என்பது அவர்கள் கண்டது. அந்தத் தரவுகளின்படி ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு உலக சராசரியில் ஏறத்தாழ 40 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வாயு வெளியாகிறது. கோழிக்கு 10 கிலோ. அரிசிக்கு 4 முதல் 5. பருப்பு, கடலை, பயறு வகைகளுக்கு 2 கிலோவுக்கும் குறைவு. இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாடு ஆட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் போகிறது.

“ஏன் ஆட்டுக்கு அவ்வளவு, கோழிக்குக் குறைவு?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. பிள்ளையும் இதைத்தான் கேட்கும். ஆடும் மாடும் அசைபோடும் பிராணிகள். தின்ற புல் முதலில் ஒரு பெரிய இரைப்பை அறைக்குள் போகிறது. அங்கே காற்று இல்லை. அதற்குள் வாழும் நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்க வைக்கும்போது மீத்தேன் என்ற வாயு உண்டாகி, ஏப்பமாக வாய் வழியே வெளியேறுகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் இந்த மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடு பிடிக்கும். கோழிக்கு அந்த அறை கிடையாது. அதோடு, ஒரு கிலோ இறைச்சி போட ஆடு தின்னும் தீனியும் மேயும் நிலமும் கோழிக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு.

காற்றுப் புகாத இடத்தில் எது அழுகினாலும் புளித்தாலும் மீத்தேன் வரும் என்ற இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டின் வயிற்றில் தொடங்கும் கதை நெல் வயலுக்கும் குப்பைமேட்டுக்கும் போகும்.

ஆனால் பிள்ளைக்கு மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 40 கிலோ என்பது உலக சராசரி. நெல்லோ கோதுமையோ மரக்கறியோ விளையாத மலைச்சரிவில், மழைக்கு முளைத்த புல்லை மேய்ந்து வளரும் ஆடும் இந்த நாட்டில் உண்டு. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் புல்வெளியில்கூட, எப்பிங் காட்டு மேய்ச்சல் உரிமை பெற்றவர்களின் மாடுகள் 1996 வரை சுதந்திரமாக மேய்ந்தன. தெருவுக்கு வந்து வாகனங்களை மறித்து நிற்கும். மாட்டைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்குப் பால் எங்கிருந்து வருகிறது என்று சொல்லித்தரத் தேவையில்லை. இன்றைய பிள்ளைக்குப் பாலும் இறைச்சியும் பிளாஸ்டிக் பொதியில் பிறக்கின்றன. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் பெற்றோரின் வேலை. தகப்பனைக் குற்றவாளி ஆக்கும்படி எந்த ஆய்வும் சொல்லவில்லை. எத்தனை நாள், எவ்வளவு என்பதுதான் பேச்சு.

அங்கேதான் எங்கள் வீடுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2009இல் பால் மெக்கார்ட்னி தன் பெண்மக்களோடு சேர்ந்து, திங்கட்கிழமைகளில் இறைச்சி வேண்டாம் என்று ஓர் இயக்கம் தொடங்கினார். எங்களுக்கு அந்த நாள் ஏற்கெனவே வெள்ளிக்கிழமையாக இருக்கிறது. பல வீடுகளில் செவ்வாயும் சேரும். கந்தசஷ்டி, புரட்டாசிச் சனி, கத்தோலிக்க வீடுகளில் தவக்காலம். அன்றைக்கு மச்சம் இல்லை, மரக்கறிச் சமையல். அந்த நாட்களைச் சாமிக்காக மட்டும் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பிள்ளையிடம், “இந்த வீட்டில் கிழமைக்கு இரண்டு நாள் ஆடும் மீனும் ஓய்வெடுக்கின்றன, உன் அம்மம்மாவின் அம்மா காலத்திலிருந்தே” என்று சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடம் சொன்னதும் வீடு செய்வதும் ஒன்றுக்கொன்று எதிரியில்லை என்பது அந்த ஒரு வசனத்தில் விளங்கிவிடும். இரண்டு நாளை மூன்றாக்குவது அதன்பிறகு பெரிய காரியமில்லை. மீதி நாளிலும் ஒரு கிலோ ஆட்டிறைச்சி போட்ட சட்டியில் அரைக் கிலோவும் உருளைக்கிழங்கும் போட்டால் கறி ருசிக்காமல் போகாது.

இறைச்சி குறைந்த இடத்தில் எது வரும்? பருப்பு. நம் பிள்ளைகள் பிறந்து சோறு தொட்ட நாளிலிருந்து தின்கிற பருப்புக் கறிக்கு உலகம் இப்போதுதான் மரியாதை கொடுக்கிறது. அந்தச் சிவப்புப் பருப்பில் பெரும் பகுதி கனடாவில் விளைவது. உலகத்திலேயே அதிகமாக ஏற்றுமதி செய்வதும் அந்த நாடுதான். அட்லாண்டிக்கைத் தாண்டிக் கப்பலில் வந்தாலும் அதன் கணக்கு இறைச்சியின் பக்கத்தில்கூட வராது. காரணத்தைப் பிள்ளைக்குச் செடியின் வேரில் காட்டலாம். பயறு, உழுந்து, பருப்புச் செடிகளின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அவற்றில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கிக் கொடுக்கின்றன. தொழிற்சாலையில் எரிவாயுவைச் செலவழித்துச் செய்யும் யூரியாவைக் கொட்டத் தேவையில்லை. காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு கிழமை பத்து நாள் இருக்கும்போதே, ஈரம் காயாத வயலில் உளுந்தையும் பச்சைப்பயறையும் விதைத்துவிடுவார்கள். நெல் எடுத்த சத்தில் கொஞ்சத்தை உளுந்து மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும். ஒரு சாடியில் ஈரப்பஞ்சு வைத்து நாலு பயறு போட்டு ஜன்னலோரம் வையுங்கள். வேர் விடுவதைப் பிள்ளை தானே பார்த்துக்கொள்ளும்.

அரிசியையும் சொல்லாமல் விட முடியாது. நாங்கள் சோறு தின்னும் சனம். தண்ணீர் கட்டி நிற்கும் வயலின் சேற்றுக்குள் காற்றில்லை. அங்கேயும் அதே மீத்தேன். மனிதர் வெளியேற்றும் மீத்தேனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நெல் வயல்களிலிருந்து வருகிறது. இதற்குத் தீர்வும் வயலிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது என்பார்கள்: வயலைக் கொஞ்சம் காயவிட்டு, பிறகு பாய்ச்சி, மறுபடி காயவிடுவது. சேற்றுக்குள் காற்று புகுவதால் மீத்தேன் ஏறத்தாழ பாதிவரை குறையும், தண்ணீரும் மிஞ்சும். திருந்திய நெல் சாகுபடி என்று அங்கே பரப்பிய முறையிலும் இந்தப் பாசனம் ஓர் அங்கம். லண்டனில் இருந்துகொண்டு நாம் வயலுக்குத் தண்ணீர் கட்ட முடியாது. கிழமையில் இரண்டு இரவு சோற்றுக்குப் பதில் குரக்கன் புட்டு அவிக்கலாம். குரக்கனும் தினையும் வரகும் தண்ணீர் கட்டாமல் விளைபவை. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது அதற்காகவும்தான்.

இரண்டாவது கேள்வி, எப்படி வந்தது. உணவால் வரும் மொத்தப் புகையில் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம் மட்டுமே. அதற்குள் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: கப்பலா, விமானமா? ஒரு தொன் பாரத்தை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக விமானம் வெளியேற்றுவது கப்பலைப்போல ஏறத்தாழ 50 மடங்கு. கப்பலில் வருபவை பழுதாகாமல் கிழமைக் கணக்கில் தாங்குபவை: அரிசி, பருப்பு, தேயிலை, வாழைப்பழம். இரண்டு நாளில் வாடுபவை விமானத்தில் வரும்: முருங்கைக்காய், பயித்தங்காய், கீரை, மாம்பழம். கடையில் நின்று பிள்ளையைக் கேளுங்கள்: “இது கப்பலில் வந்திருக்குமா, பிளேனில் வந்திருக்குமா? ஒரு மாதம் தாங்குமா, பார்.” விடை பெரும்பாலும் சரியாக வரும்.

விமானத்தில் வரும் காய் இல்லாமலும் சமாளிக்கலாம். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையும் கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு ஆகிய நான்கையும் பழ ஈ போன்ற பூச்சிகள் இருந்த காரணத்தால் தடைசெய்தது. பிரிட்டன் அப்போது ஒன்றியத்துக்குள் இருந்தது. மாம்பழத் தடை அடுத்த வருடம் நீங்கியது. காய்களுக்கு அதைவிட நாள் எடுத்தது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் கறிக்கு ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை. லீக்ஸ் வறை வைத்தேன். லீக்ஸ் ஊரில் நுவரெலியாவிலிருந்து வந்து சேர்ந்த காய்தானே, எங்களுக்குப் புதிதில்லை. கோவாவை மஞ்சள் போட்டுச் சுண்டினேன். பீட்ரூட் பால்கறி, கரட் சம்பல், கேல் இலையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டு ஒரு வறை. ஆடியில் ரன்னர் பீன்ஸ், ஐப்பசியில் பூசணி. இந்த மண்ணில் விளைவதை எங்கள் சட்டியில் எங்கள் ருசிக்குச் சமைக்கலாம் என்பதை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கண்ணால் கண்டது அப்போதுதான். முருங்கைக்காயை விட்டுவிடச் சொல்லவில்லை. அது விசேஷத்துக்கு வரும் விருந்தாளியாக இருக்கட்டும். அப்போது வந்தால் பிள்ளை ருசித்துத் தின்னும்.

மீனுக்கு வேறு கணக்கு. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகும் காலம் அது. கடலுக்கும் ஓய்வு வேண்டும் என்ற இந்தப் பாடத்தைப் பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் சொல்லலாம். சூடை, நெத்தலி, மத்தி போன்ற சின்ன மீன்கள் விரைவாக வளர்ந்து விரைவாகப் பெருகும். சுறா அப்படியில்லை, வருடக்கணக்காக வளர்ந்த பிறகே குட்டி போடும், அதுவும் சிலவற்றைத்தான். அதோடு பெரிய மீன்களின் உடலில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால், 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் சுறா தின்னக்கூடாது என்று இந்த நாட்டுச் சுகாதார சேவை சொல்கிறது. சுறா வறை எங்கள் வீடுகளில் எவ்வளவு விருப்பம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதைத் தாய்மார் அறிந்திருக்க வேண்டும். எந்த மீனை வாங்கலாம், எதை விடலாம் என்று பச்சை, மஞ்சள், சிவப்பாகப் பிரித்துக் காட்டும் பட்டியல் ஒன்றைக் கடல் பாதுகாப்புச் சங்கம் இங்கே வெளியிடுகிறது. போக்குவரத்து விளக்கின் நிறம் என்பதால் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது கோப்பை ஊற்றும்போது மூன்றாவது கேள்விக்கு வந்தோம்: எவ்வளவைக் கொட்டினோம்? இதில்தான் பெற்றோரின் கை மிகவும் ஓங்கியிருக்கிறது, செலவும் குறைகிறது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகம் முழுவதும் வீடு, கடை, உணவகங்களில் வீணான உணவு 105 கோடித் தொன். அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து. பிரிட்டன் வீடுகளில் மட்டும் அந்த வருடம் 60 இலட்சம் தொன். நாலு பேர் உள்ள ஒரு குடும்பம் தின்னக்கூடிய உணவாகக் கொட்டுவது வருடத்துக்கு ஏறத்தாழ 1,000 பவுண்டு பெறும் என்று ‘ராப்’ என்ற அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. கொட்டிய உணவு குப்பைமேட்டில் புதைந்தால் அங்கேயும் காற்றில்லை, மறுபடி மீத்தேன். இங்கிலாந்தில் 2026 மார்ச் 31 முதல் உள்ளூராட்சி மன்றங்கள் வீடுகளின் உணவுக் கழிவைக் கிழமைதோறும் தனியாக எடுக்க வேண்டும் என்ற விதி வந்தது அதனால்தான். சில மன்றங்களுக்கு மேலதிகத் தவணை உண்டு. தனி வாளி வந்தால், ஞாயிறு இரவு மூடியைத் திறந்து பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். என்ன கிடக்கிறதோ, அதை அடுத்த கிழமை குறைத்து வாங்கினால் போதும்.

பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய இரண்டு சொல் உண்டு. பொதியில் ‘யூஸ் பை’ என்று இருந்தால் அது பாதுகாப்புக்கான நாள். இறைச்சி, மீன், பால் சேர்ந்த உணவுகளில் அதைத் தாண்டக்கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்று இருந்தால் அது தரத்துக்கான நாள். தாண்டினாலும் கண்ணாலும் மூக்காலும் பார்த்துத் தின்னலாம். 2022இல் பெரிய கடைகள் சில, பழம் மரக்கறிப் பொதிகளிலிருந்து இந்த இரண்டாவது நாளை எடுத்தேவிட்டன. சோற்றில் மட்டும் கவனம். ஆறிய சோற்றை இரவு முழுக்க அடுப்படியில் விட்டால் அதில் கிருமி பெருகி நஞ்சு சுரக்கும். பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மிஞ்சினால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே முடித்துவிட வேண்டும். அதைவிட, அளந்து போடுவது நல்லது. அரிசி அளக்கும் சுண்டைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். இன்றைக்கு எத்தனை பேர் சாப்பிடுகிறோம் என்று எண்ணி அளந்து போட்ட பிள்ளை, தட்டில் மிச்சம் வைக்க யோசிக்கும்.

“எல்லாம் சரி அக்கா. சொன்னா அவள் கேப்பாளோ? கோவாவைக் கண்டாலே ஓடுறாள்.”

சொல்லிக் கேட்கும் வயதில்லை அது. தொட்டுத் தின்னும் வயது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஜேன் வார்டில் தலைமையில் இருந்த ஆய்வாளர்கள் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்து 2011இல் வெளியிட்டார்கள். விருப்பமில்லாத ஒரு மரக்கறியைச் சின்னத் துண்டாக 12 நாள் சுவைக்கக் கொடுத்தார்கள். விருப்பம் கூடியது. சுவைத்ததற்கு ஒரு பாராட்டோ ஓர் ஒட்டுப்படமோ பெற்ற பிள்ளைகளுக்கு அந்த விருப்பம் மூன்று மாதம் கழித்தும் குறையவில்லை. ஆகவே கட்டாயப்படுத்தி ஒரு தட்டுக் கோவாவை ஊட்டுவதைவிட, ஒரு விரல் நுனியளவு கொடுத்து, தின்றதும் “கெட்டிக்காரி” என்று சொல்வது மேல். மூன்று நாளில் கைவிடாதீர்கள்.

பள்ளிக்கூடமும் உதவிக்கு இருக்கிறது. எங்கள் நியூஹாம் நகராட்சியில் 2009இல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு இலவசம் என்ற சோதனைத் திட்டம் தொடங்கியது. அரசின் இரண்டு வருடச் சோதனை முடிந்த பிறகும் நகராட்சி அதை விடவில்லை. 2023 செப்டெம்பரிலிருந்து லண்டன் முழுவதற்கும் அந்த ஏற்பாடு வந்துவிட்டது. சோதனையை ஆராய்ந்தவர்கள், பிள்ளைகள் மதியத்தில் பொதியிலிருந்த கிரிஸ்ப்ஸைக் குறைத்து மரக்கறி தின்னத் தொடங்கியதைக் கண்டார்கள். பக்கத்தில் இருக்கும் தோழி தின்கிறாள், நானும் தின்கிறேன் என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். எட்டு வயதில் தோழியின் தட்டுக்கு இருக்கும் மதிப்பு எங்கள் புத்திமதிக்கு இல்லை. இன்றைக்குப் பள்ளியில் என்ன தின்றாய் என்று கேட்டு, அதில் பிடித்ததை வீட்டில் ஒருநாள் சமையுங்கள்.

அதற்கு மேல் ஒரு வகுப்பறை வேண்டுமென்றால் கிரீன் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. அப்டன் பார்க் நிலையத்துக்குப் பக்கத்துக் குவீன்ஸ் மார்க்கெட். செவ்வாய், வியாழன், வெள்ளி, சனியில் நடக்கும் சந்தை. கிண்ணத்தில் குவித்து, கிண்ணம் இவ்வளவு என்று விற்பார்கள். சந்தையை இடித்துக் கட்டடம் எழுப்பும் திட்டம் வந்தபோது ஊர்ச்சனம் வருடக்கணக்காகப் போராடியது. 2009இல் அன்றைய லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன் அந்தத் திட்டத்தை நிராகரித்தார். அதற்கு முன், 2006இல் நியூ இகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் செய்த ஆய்வில், அதே சாமான்கள் அருகிலுள்ள சூப்பர்மார்க்கெட்டைவிட இந்தச் சந்தையில் ஏறத்தாழ பாதி விலைக்குக் கிடைத்தன. பூமிக்கு நல்ல உணவு பணக்காரருக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பருப்பு, கோவா, கரட், சின்ன மீன், அளந்து போட்ட சோறு — இவை எல்லாம் மலிவானவை. பிள்ளையின் கையில் ஐந்து பவுண்டு கொடுத்து, “நாளைக்கு மூன்று கறிக்குச் சாமான் நீ வாங்கு” என்று விடுங்கள். தான் வாங்கியதைத் தான் தின்னாத பிள்ளையை நான் கண்டதில்லை.

கோப்பை வெறுமையானது. தங்கச்சி எழும்பவில்லை. “பிள்ளைக்குச் சொல்லுவன். இவருக்கு என்ன சொல்ல?” என்றாள்.

அவருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுலபம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் அவர். மரவள்ளியும் முருங்கையிலையும் ஒடியலும் கொண்டு ஒரு வீட்டை எப்படி நடத்தினார்கள், தேங்காய் துருவிய சிரட்டைகூட எப்படி அடுப்புக்குப் போனது, ஒரு பருக்கை சோறு சிந்தினால் ஆச்சி எப்படிப் பார்ப்பா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உணவைக் கொட்டக்கூடாது என்று பசி அவருக்குப் படிப்பித்தது. அதையே அவர் மகளுக்குப் பள்ளிக்கூடம் வேறு சொற்களில் படிப்பிக்கிறது. இருவரும் ஒரே பக்கம் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் எதிரியாக நினைக்கிறார்கள். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கத்தாமல், அந்தக் காலத்தில் என்ன தின்றோம் என்ற கதையை மகளை மடியில் வைத்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளைக்கும் ஒரு சொல் தேவை. பூமியின் பாரம் முழுவதையும் எட்டு வயதுத் தோளில் ஏற்றிவிடாதீர்கள். பயந்து தின்னும் சோறு உடம்பில் ஒட்டாது. “இந்த வீட்டில் உன் கேள்விக்கு இடமுண்டு, நாங்கள் சேர்ந்து குறைப்போம்” என்று சொல்லுங்கள், சொன்னதைச் செய்யுங்கள்.

நீங்களும் இந்தக் கிழமையே தொடங்கலாம். நாளைக்கு அரிசி அளக்கும்போது சுண்டைப் பிள்ளையிடம் கொடுங்கள். வெள்ளிக்கிழமை பருப்புக் கறி வைக்கும்போது, அந்த வேரின் முடிச்சைப் பற்றிச் சொல்லுங்கள். பிள்ளை தட்டைத் தள்ளினால், திட்டுவதற்கு முன் ஏன் என்று கேளுங்கள்.